புகையிலையை விட்டபின் முதல் மூன்று வாரம்



புகையிலை தீங்கு பயப்பது என்பதை இந்நாட்டில் அறியாதவர் இலர். சிகரெட்டுப் பெட்டியின் மேற்பரப்பில் 100க்கு 80 பங்கை எச்சரிக்கைப் படங்கள் நிரப்ப வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டுச் சட்டம். பாடசாலைப் பிள்ளைகளும் அதன் தீமையைப் பற்றி ஆண்டுதோறும் கட்டுரை எழுதுகிறார்கள். ஆகவே, அந்தத் தீமைகளை மறுபடியும் வரிசைப்படுத்திக் கூறுவது இன்றைய பேச்சின் நோக்கமன்று.

தீமையை நன்கு அறிந்து, விட்டுவிட வேண்டும் என்று மனப்பூர்வமாகத் தீர்மானித்து, விட்டும் விட்ட ஒருவர், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மீண்டும் அதனிடமே திரும்பிவிடுகிறாரே, அஃது ஏன்? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி. அவரைச் சுற்றியிருப்பவர்கள், "மனத்திடம் போதாது" என்கிறார்கள். அவரும் அதையே நம்பித் தலைகுனிகிறார். உண்மை யாதெனின், அவர் தோற்றது ஒழுக்கத்தில் அன்று; தமக்கு வரப்போகும் துன்பம் எப்படிப்பட்டது, எத்தனை நாள் நீடிக்கும் என்பதை அவருக்கு எவரும் முன்கூட்டிச் சொல்லாததே பெரிய காரணம். வழி தெரிந்தவனுக்கு மலை பாதி ஏறியது போலத்தான்.

நமுனுகுல மலையைப் பதுளைப் பகுதியில் அறியாதவர் இருக்க முடியாது. ஒன்பது சிகரங்கள் என்னும் பொருள்படச் சிங்களத்தில் பெயர் பெற்ற அம்மலையைச் சூழ, பசறையிலும் ஹாலி-எலயிலும் தெமோதரையிலும் பண்டாரவளையிலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இத்தோட்டங்களில் புகையிலை இரண்டு வேடங்களில் வாழ்கிறது. ஒன்று புகை, சிகரெட்டு, பீடி, சுருட்டு என்பன. அது பெரும்பாலும் ஆண்களுடையது. மற்றொன்று வெற்றிலைப் பைக்குள் இருக்கும் புகையிலைத் துண்டு. அஃது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

இரண்டாவது வேடத்தைப் புகையிலை என்றே பலர் எண்ணுவதில்லை. "உங்கள் வீட்டில் யாராவது புகையிலை பாவிக்கிறார்களா?" என்று பிள்ளைகளைக் கேட்டால், தகப்பனாரைப் பற்றி மட்டும் சொல்வார்கள். "அம்மா வெற்றிலை போடுவதில்லையா?" என்று கேட்டால், "அது வெற்றிலைதானே சேர்!" என்பார்கள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன் ஒன்று, மலையில் தேநீருக்குப் பின் ஒன்று, கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒன்று, மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் ஒன்று என, நாளொன்றுக்கு ஏழெட்டு முறை புகையிலையை வாயில் அடக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் புகையிலைக் கணக்கில் சேருவதேயில்லை. ஆயினும், விட முயலும் நாளில் புகைப்பவர் படும் துன்பத்தையே அவர்களும் படுகிறார்கள்.

இரண்டுக்கும் பொதுவாக உள்ள பொருள் நிக்கொட்டின். 1560ஆம் ஆண்டளவில் லிஸ்பன் நகரில் பிரான்சின் தூதுவராக இருந்த ஜான் நிக்கோ என்பவர் புகையிலையைத் தம் நாட்டு அரசவைக்கு அறிமுகப்படுத்தினார். அவர் பெயரே செடிக்கும் பின்னர் அதன் சத்துக்கும் அமைந்தது. 1828ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் பொசெல்ட், ரைமான் என்னும் இருவர் அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர்.

புகையை உள்ளே இழுத்தால் நிக்கொட்டின் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, சில விநாடிகளில் மூளையை அடைகிறது. வெற்றிலையோடு மென்றால் வாயின் மென்தோல் வழியாக மெதுவாக ஏறுகிறது. ஆனால் நெடுநேரம் இரத்தத்தில் தங்குகிறது. வெற்றிலையில் நாம் தடவும் சுண்ணாம்பு இங்கே ஓர் இரகசிய வேலை செய்கிறது. அதன் காரத்தன்மையால் நிக்கொட்டின் வாயின் தோலை எளிதில் ஊடுருவிச் செல்லும் நிலையை அடைகிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் "நன்றாகப் பிடிக்கிறது" என்று முதியோர் சொல்வதன் உட்பொருள் இதுவே.

மூளையில் நிக்கொட்டினை ஏற்கும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை திறக்கும்போது டொப்பமீன் என்னும் பொருள் சுரந்து, ஒருவகை நிறைவு உணர்ச்சியை உண்டாக்குகிறது. நாள்தோறும் நிக்கொட்டின் வந்துகொண்டேயிருந்தால், மூளை அத்தகைய வாயில்களைப் பெருக்கிக்கொள்கிறது. நிக்கொட்டின் வராத வேளையில் அவ்வளவு வாயில்களும் வெறுமையாகக் கிடந்து உணவு கேட்கின்றன. எரிச்சல், படபடப்பு, ஏக்கம் எல்லாம் அந்தக் கேட்பின் குரல்களே. இதனை நாம் விடுகைத் துன்பம் என்று அழைக்கலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் உள்ள நிக்கொட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இரவு எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தவருடைய உடலில் அதன் பெரும்பகுதி இல்லை. ஆகவே, காலையில் எழும்போதே அவர் விடுகைத் துன்பத்தின் வாசலில் நிற்கிறார். பெரட்டுக்கு முன் போடும் முதல் வெற்றிலையும் முதற் சிகரெட்டும் அத்துணை இனிப்பதற்குக் காரணம் அதுதான். அவர் அனுபவிப்பது புதிய இன்பமன்று. அந்தப் பொருளே உண்டாக்கிய குறையை அந்தப் பொருளே சற்று நேரம் மறைக்கிறது. கடன் கொடுத்தவனே வட்டிக்கும் கடன் தருவது போன்றது இது. "மனக்கவலைக்கு மருந்து" என்று பலர் அதனைப் போற்றுவதும் இந்த மயக்கத்தினால்தான். விட்டுச் சில வாரங்கள் கடந்தவர்களின் மனக்கலக்கம் முன்னிருந்ததைவிடக் குறைகிறது என்றே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

இனி, விடுகைத் துன்பத்தின் நாட்காட்டியைப் பார்ப்போம்.

கடைசியாகப் பாவித்த சில மணி நேரத்தில் ஏக்கம் தொடங்குகிறது. முதல் நாள் முடிவதற்குள் எரிச்சலும் அமைதியின்மையும் தலைகாட்டுகின்றன. இரண்டாம், மூன்றாம் நாட்களே மிகக் கடுமையானவை. சிறு சொல்லுக்கும் கோபம் மூளும், ஒரு வேலையில் மனம் நிலைக்காது, உறக்கம் துண்டு துண்டாகும், காரணமின்றி மனம் சோரும், பசி மிகும். சிலருக்கு மலச்சிக்கல் உண்டாகும். சிலருக்கு வாயில் சிறு புண்கள் தோன்றும். புகைத்தவர்களுக்கு இருமல் சில நாட்களுக்குக் கூடுவதும் உண்டு. முதல் வாரம் கழிந்ததும் இவை தணியத் தொடங்குகின்றன. மூன்று அல்லது நான்கு வாரங்களில் பெரும்பாலானவை அடங்கிவிடுகின்றன. பசி மட்டும் இன்னும் சில வாரங்கள் நிற்கலாம். அதன் பின்னர் வருவது உடலின் பசியன்று, பழக்கத்தின் நினைவு. பழைய நண்பனைக் கண்டபோதும் திருவிழாக் கூட்டத்திலும் அது திடீரென்று எழும். சிறிது நேரத்தில் மறைந்துவிடும்.

இந்த நாட்காட்டியை அறியாதவருக்கு என்ன நிகழ்கிறது? மூன்றாம் நாள் தலை கனத்து, மனம் கொதித்து, வாய் புண்ணாகி இருக்கும்போது, "விட்டதால்தான் உடம்பு கெட்டுப்போயிற்று, நாளுக்கு நாள் மோசமாகிறது, இப்படியே வாழ முடியுமா?" என்று அஞ்சி, மீண்டும் கையை நீட்டுகிறார். உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும் வேளையில் அவர் திரும்பி விடுகிறார்! அறிந்தவரோ, "இஃது உச்சி நாள், நாளை இதைவிடக் கொஞ்சம் இலகுவாக இருக்கும்" என்று நாளை எண்ணுகிறார். இருவருக்கும் துன்பம் ஒன்றே. ஒருவர் அதனை நோய் என்று எண்ணினார். மற்றவர் குணமாவதன் அடையாளம் என்று எண்ணினார்.

துன்பத்தைத் தாங்கும் வழிகளுள் முதலாவது, நாளைக் குறித்துக்கொள்ளுதல். சம்பள நாளும் திருவிழா நாளும் தொடங்குவதற்கு ஏற்றவை அல்ல. கையில் காசும் கூட்டமும் சேரும் நாட்கள் அவை. முன்னிரவே வெற்றிலைப் பையில் உள்ள புகையிலையையும், சட்டைப் பையில் உள்ள தீப்பெட்டியையும் அகற்றிவிட வேண்டும். ஒற்றைச் சிகரெட்டாக வாங்குபவர்கள், அந்தக் கடை வாசலைத் தவிர்த்துச் சில வாரங்களுக்கு வேறு வழியே நடப்பது நன்று.

இரண்டாவது, வீட்டாரிடம் சொல்லிவைத்தல். இதனை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நமது லயங்களில் ஓர் அறையில் ஒரு குடும்பம் வாழ்கிறது. விடுகைக் காலத்துக் கோபம் அந்த அறையின் நான்கு சுவருக்குள்தான் வெடிக்க வேண்டும். அது விழுவது மனைவி மேலும் பிள்ளைகள் மேலும்தான். "இன்னும் மூன்று வாரத்துக்கு எனக்குக் கோபம் வரும், அஃது உங்கள் மேல் உள்ள கோபமன்று, நான் வெளியே நடந்துவிட்டு வருவேன்" என்று முன்னரே சொல்லிவிடுவது ஆண்மைக்குக் குறைவன்று. கையோங்குவதற்கு அந்தத் துன்பம் ஒருபோதும் சாக்காகாது என்பதும் நினைவில் இருக்கட்டும். அவ்வாறே தாயார் விட முயலும்போது, "வெற்றிலை போடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்" என்று கேலி செய்யாமல், அந்த மூன்று வாரமும் வீட்டு வேலைகளில் பாதியை ஏற்றுக்கொள்ளுவது கணவனுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் கடமை. இருவருக்கும் பழக்கம் இருந்தால் இருவரும் ஒரே நாளில் விடுவதே சிறப்பு.

மூன்றாவது, ஏக்கத்தின் அளவை அறிதல். ஓர் ஏக்க அலை எழுந்து, உச்சியை அடைந்து, தாழ்வதற்குப் பெரும்பாலும் சில நிமிடங்களே செல்லும். அந்தச் சில நிமிடங்களைக் கடத்தினாற் போதும். ஒரு குவளை தண்ணீரை மெதுவாக அருந்தலாம். பத்து முறை ஆழ்ந்து மூச்சு விடலாம். எழுந்து சற்றுத் தூரம் நடக்கலாம். மெல்லும் வழக்கமுள்ளவர்கள் பெருஞ்சீரகம், ஏலக்காய், கராம்பு, இஞ்சித் துண்டு, நெல்லிக்காய் ஆகியவற்றுள் ஒன்றை வாயிலிடலாம். "வாழ்நாள் முழுவதும் எப்படி இருப்பேன்?" என்று எண்ணுவது வீண், "இந்தப் பத்து நிமிடம் இருப்பேன்" என்று எண்ணுவதே வழி.

நான்காவது, தேநீரைக் கவனித்தல். புகைப்பவருடைய உடல், தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கபீன் என்னும் பொருளை மற்றவரைவிட விரைவாக எரித்துவிடுகிறது. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்து, முன்பு குடித்த அதே அளவு தேநீர் இப்போது கூடுதலாகச் செயற்படும். படபடப்பும் உறக்கமின்மையும் அதனால் மிகும். பழியோ புகையிலையை விட்டதன் மேல் விழும். ஆகவே, அம்முதல் வாரங்களில் தேநீரைக் குறைத்து, மாலைக்குப் பின் அறவே தவிர்ப்பது நலம். புகைத்தவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். மென்றவர்களுக்கு இந்த மாற்றம் இல்லை. மதுவோ இருசாராருக்கும் பகை. உறுதியை முதலில் கரைப்பது அதுவே.

வெற்றிலை போடுவோருக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். "புகையிலையை மட்டும் நீக்கிவிட்டுப் பாக்கும் சுண்ணாம்பும் போட்டுக்கொள்ளுகிறேன்" என்பார் பலர். இது பாதி வழி. பாக்கிலும் மனத்தைப் பிணைக்கும் பொருள் உண்டு. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985ஆம் ஆண்டில் கூறியது. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் அவ்வாறே என்றும், பாக்கே புற்றுநோய்க் காரணி என்றும் 2004ஆம் ஆண்டில் அறிவித்தது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாயிலும் அதனை அடுத்த தொண்டைப் பகுதியிலும் தோன்றுவதே என்பதை நினைத்தால், பாதி வழியில் நிற்பது அறிவுடைமையாகாது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், முன்போல் வாய் திறக்க முடியாமை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டால், வலி இல்லை என்று காலம் தாழ்த்தாது பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். விடுகையினால் வரும் சிறு வாய்ப்புண் சில நாளில் ஆறிவிடும், ஆறாததே ஐயத்துக்குரியது.

குளிருக்கும் பசிக்கும் புகையிலை வேண்டும் என்று மலைநாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. நிக்கொட்டின் பசியை அடக்குவது மெய். ஆனால் அடங்கிய பசி நிறைந்த வயிறு ஆகாது. குளிரைப் பற்றிய கூற்றோ தலைகீழானது. சிகரெட்டுப் புகைத்ததும் விரல் நுனியின் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கி, கை முன்னிலும் குளிர்ந்து போகிறது. கருவுற்ற தாய்மார் விடயத்தில் இது மேலும் கவனத்துக்குரியது. தாய் கொள்ளும் நிக்கொட்டின் குழந்தையையும் சென்று சேருகிறது. குழந்தை குறைந்த நிறையுடன் பிறக்க ஏதுவாகிறது. "வாந்திக்கு நல்லது" என்று கர்ப்பிணிக்குப் புகையிலை கொடுப்பதைப் பாட்டிமார் தயவு செய்து நிறுத்த வேண்டும்.

மருந்தின் உதவியும் உண்டு. நிக்கொட்டினை மட்டும் சிறு அளவில் தரும் பசைத்துண்டுகளும் மெல்லும் கோந்தும், உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009ஆம் ஆண்டில் இடம்பெற்றன. வரெனிக்கிளீன், புப்புரோப்பியன் என்னும் மாத்திரைகள் 2021ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. முதிர்ந்தோர் புகையிலையை விடுவதற்கான சிகிச்சை வழிகாட்டியொன்றை அந்நிறுவனம் 2024ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டது. வைத்தியரின் ஆலோசனையும் மருந்தும் சேரும்போது வெற்றி வாய்ப்புக் கூடுகிறது என்பதே அதன் சாரம். ஆகவே, அரச வைத்தியசாலைக்கு வேறு காரியமாகச் சென்றாலும், "நான் புகையிலையை விட விரும்புகிறேன்" என்ற ஒரு வசனத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள். இழுப்பு, நீரிழிவு, மனநோய் ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்கள் இதனைக் கட்டாயம் சொல்ல வேண்டும். புகையை நிறுத்தும்போது சில மருந்துகளின் அளவை மாற்ற நேரிடும். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீங்காதிருந்தாலும், உயிரை வெறுக்கும் எண்ணம் ஒருமுறை தோன்றினாலும், உடனே வைத்தியரை நாடுங்கள்.

ஒருவேளை இடையில் வழுக்கி, ஒரு சிகரெட்டோ ஒரு துண்டுப் புகையிலையோ பாவித்துவிட்டால்? "எல்லாம் போயிற்று" என்று கைவிடுவதே உண்மையான தோல்வி. கணக்குப் பாடத்தில் ஒரு விடை பிழைத்ததற்காக எந்த மாணவனும் புத்தகத்தைக் கிழித்தெறிவதில்லை. எந்த இடத்தில், யாருடன், எந்த மனநிலையில் வழுக்கியது என்று பார்த்து, அன்றே மீண்டும் தொடங்க வேண்டும். நிரந்தரமாக விட்டவர்களுள் மிகப் பலர் முன்னர் சில முறை முயன்று வழுக்கியவர்களே.

நாட்டுச் சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை ஆசியாவிலேயே முந்திக்கொண்டு 2003ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நாடு இலங்கை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடைசெய்தது. இந்த இடத்தில் பெற்றோருக்கு ஓர் ஆசிரியனின் வேண்டுகோள். பிள்ளையின் கையில் காசைக் கொடுத்து, "அப்பாவுக்கு ஒரு சிகரெட்டு, பாட்டிக்கு ஒரு புகையிலைத் துண்டு வாங்கி வா" என்று கடைக்கு அனுப்பாதீர்கள். கடைக்காரரைச் சட்டத்தை மீறச் செய்வதோடு, பிள்ளைக்கு அந்தக் கடையின் வழியையும் நாமே காட்டிக் கொடுக்கிறோம். பாடசாலையில் நாங்கள் ஒரு தவணை முழுவதும் கற்பித்ததை அந்த ஒரு நடை அழித்துவிடும்.

விட்டவர் பெறும் பயன் என்ன? புகையை நிறுத்திய ஓரிரு நாளில், இரத்தத்தில் கலந்திருந்த காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு நீங்கிவிடுகிறது. ஓராண்டில் இருதய நோய் வருவதற்கான கூடுதல் அபாயம் ஏறத்தாழப் பாதியாகிறது. பிரித்தானிய வைத்தியர்களை 1951ஆம் ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று, 60 வயதில் விட்டவர் சுமார் 3 ஆண்டும், 50 வயதில் விட்டவர் 6 ஆண்டும், 40 வயதில் விட்டவர் 9 ஆண்டும், 30 வயதில் விட்டவர் 10 ஆண்டும் ஆயுள் கூடப் பெற்றதைக் காட்டியது. "இத்தனை வயதுக்குப் பின் விட்டு என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதுவே மறுமொழி. 60 வயதில் பெறும் 3 ஆண்டு, பேரப்பிள்ளை எழுத்தறிந்து தாத்தாவுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டும் 3 ஆண்டாக இருக்கலாம்.

நேயர்களே, மூன்று வாரம் என்பது நீண்ட காலமன்று. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வெட்டிய சில நாட்களுக்கு அது பட்ட மரம் போலவே நிற்கும். அறியாதவர் செடி செத்துவிட்டது என்பர். தோட்டத்திற் பிறந்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். துளிர் எப்போது வரும் என்பதை நாள் எண்ணிச் சொல்லுவார். உங்கள் வீட்டில் ஒருவர் புகையிலையை விட்டு, வாடிய முகத்தோடும் கடுத்த சொல்லோடும் உட்கார்ந்திருந்தால், அவரையும் அவ்வண்ணமே நாள் எண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.